எதிர்க் கிளப்புக்கு ஒரு மெட்டு

மே 2, வெள்ளி

பள்ளிக்கூட வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், பவ்லு அண்ணன் என் பெட்டியைத் திறந்து வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறான். நீலத் துணி போதவில்லையாம். "போற இடத்துல நாம யாருன்னு தெரிய வேண்டாமா?" என்கிறான். ஜெனோவாக்காரனுக்கு நான் யாராக இருந்தால் என்ன?

ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கப்பல் பயணம் வாய்த்திருக்கிறது. எங்கள் கிளப் குலுக்கலில் முதல் பரிசு. கிளப் தலைவரின் தங்கைக்கே பரிசு விழுந்துவிட்டதென்று ஊரில் பேச்சு. சீட்டை எடுத்தவர் பங்குச் சாமியார். பேசுகிறவர்கள் அவரிடம் போய்ப் பேசட்டும்.

கப்பலில் யாராவது வெளியூர்க்காரர் கேட்டால் எப்படி விளக்குவது என்று இப்போதே யோசித்துப் பார்த்தேன். மால்டாவில் எங்கள் ஊரில் கோயில் ஒன்று, புனிதர்கள் இரண்டு பேர், பேண்டு கிளப்பும் இரண்டு. நாங்கள் கத்தரீன், நீலம். அவர்கள் ரோக்கு, சிவப்பு. அவர்களுக்கு ஆகஸ்டில் திருவிழா, எங்களுக்குச் செப்டம்பரில். அவர்கள் பேண்டு எங்கள் தெருவில் வந்தால் நாங்கள் சன்னலைச் சாத்துவோம். எங்கள் பேண்டு அவர்கள் தெருவில் போனால் அவர்கள் சாத்துவார்கள். ஏன் என்று கேட்டால்? ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

மே 5, திங்கள்

வலெட்டாத் துறைமுகத்தைக் கடலிலிருந்து இன்றுதான் பார்த்தேன். அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டித்தான் இத்தனை வருடமாக வேன் ஓட்டுகிறேன், அது இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. மேல்தளத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, அப்படியொரு சந்தோஷம்.

சாப்பாட்டு மேசையில் அது போய்விட்டது. மால்டாக்காரர்களை எல்லாம் ஒரே மேசையில் போட்டிருக்கிறார்கள். கோசோத் தீவிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, நான், எனக்கு எதிரே யார்? ரோக்குக் கிளப்பின் பேண்டு மாஸ்டர் ஸாரென். இருபது வருடமாக எங்கள் தெருவழியே கோலை வீசிக்கொண்டு போகிற ஆள். முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்க்க முடியாது, சன்னல் சாத்தியிருக்கும்.

"உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க," என்றார்.

"உங்க பக்கத்துல மிளகு இருக்கு, அதைப் போட்டுக்கங்க," என்றேன்.

கோசோப் பெண் சிரிப்பை அடக்கக் குனிந்து சூப்பைப் பார்த்தாள்.

மே 6, செவ்வாய் – மெசினா

காலையிலேயே அண்ணன் போன். கப்பலில் யார் இருக்கிறார் என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"லோரெட், நல்லாக் கேட்டுக்க. ஆகஸ்டுக்கு அவன் புது மெட்டு போட்டாகணும். இன்னும் முடிக்கலையாம். அதான், காத்து மாறினா வரும்னு, அவன் மக அவனைக் கப்பல்ல ஏத்தி விட்டிருக்கா. அவன் வாய்க்குள்ள எதையாவது முணுமுணுப்பான், பார்த்துக்கிட்டே இரு. உனக்குத்தான் ஒரு தடவை கேட்டா போதுமே."

ஒவ்வொரு வருடமும் இரண்டு கிளப்பும் புதிதாக ஓர் ஊர்வல மெட்டு போடும். திருவிழாக் காலை வரை அதை வெளியே விடமாட்டார்கள். எதிராளி மெட்டு முன்கூட்டியே கிடைத்தால், அவர்கள் வாசிப்பதற்கு முந்தின நாளே நம் பையன்கள் தெருவில் அதைக் கேலிப் பாட்டாகப் பாடிக் கெடுத்துவிடலாம். இதற்காகவே காதைச் சுவரில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் ஊரில் உண்டு. இப்போது நானும் அதில் ஒருத்தி.

மத்தியானம் பேராலயக் கடிகாரத்தின் அடியில் கூட்டத்தோடு நின்றேன். பன்னிரண்டு அடித்ததும் மேலே சிங்கம் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கிறது. பிறகு சேவல் சிறகடித்துக் கூவுகிறது. கூவல் இழுத்துக்கொண்டு வந்தது.

"சேவலுக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாஸ்டர்தான்.

"அதுக்கும் வயசாகுதில்ல," என்று நான் அதே மாதிரிக் கூவிக் காட்டினேன். யோசிக்காமல் செய்துவிட்டேன். அவர் சிரித்தார், நானும். உடனே இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்தோம்.

மே 7, புதன் – நேப்பிள்ஸ்

இந்த ஊர் எனக்காகவே கட்டியது. எல்லோரும் கத்துகிறார்கள், யாருக்கும் கோபமில்லை. நாலாம் மாடியிலிருந்து ஒருத்தி கயிற்றில் கூடையை இறக்குகிறாள், கீழே கடைக்காரன் அதில் எலுமிச்சையும் ரொட்டியும் வைத்துவிட்டு அவள் புருஷனைப் பற்றி ஏதோ சொல்கிறான், அவள் மேலேயிருந்து பதில் தருகிறாள், தெருவே கேட்கிறது. மீன்காரன் ஒருவன் நெத்திலி விற்றான். கூவலா அது? நீளமாக இழுத்து, முடிகிற இடத்தில் ஒரு குலுக்கல். அவன் பின்னாலேயே இரண்டு சந்து போனேன். மீன் வாங்கவில்லை.

சந்து முனையில் மாஸ்டர் வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். காபி வாங்கித் தந்தார். மறுக்க வாயெடுத்தேன். ஆனால் காபி மணம். ரோக்குக்காரர் காசில் கத்தரீன்காரி காபி குடித்தாள். பூமி பிளக்கவில்லை. காபி அருமை.

மே 8, வியாழன்

ரோமாபுரி. கால் வீங்கிவிட்டது. எழுத முடியாது.

மே 9, வெள்ளி – ஜெனோவா

இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடக்க வேண்டிய சந்துகள். காலையில் கடையில் எல்லோரும் எண்ணெய் மினுங்கும் உப்பு ரொட்டியைப் பால் காபியில் முக்கித் தின்றார்கள். நானும் முக்கினேன்.

"உங்க கிளப்புல எதையும் எதுலயும் முக்குவீங்க போல," என்றார் மாஸ்டர்.

"தின்னு பார்த்துட்டுப் பேசுங்க."

தின்றார். இன்னொன்று வாங்கினார். இப்போது பேசிக்கொள்கிறோம் என்றே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் வேலை தந்திருக்கிறானே, பேசாமல் எப்படி உளவு பார்ப்பது?

ஊருக்குள்ளேயே ஒரு லிஃப்ட் இருக்கிறது, வீடுகளுக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. உச்சியில் சாம்பல் நிறக் கூரைகள், கோபுரங்கள், கீழே துறைமுகம், அதில் நம் கப்பல் மட்டும் அசிங்கமாகப் பெரிசாக. அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

"லோரெட்டா, உங்க அண்ணன் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்னு எனக்குத் தெரியும். கவலைப்படாதீங்க, கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆரம்பம் இருக்கு, ரெண்டாவது பகுதி இருக்கு. நடுப்பாட்டு வரல. போன வருஷம் போட்டதும் பழசைச் சூடு பண்ணினதுதான். ஜூனுக்குள்ள தரலேன்னா கமிட்டி வேற பையனைப் பார்த்துக்கும். கோலை அவன் கையில குடுத்துட்டு நான் வீட்ல உட்கார வேண்டியதுதான்."

நடுப்பாட்டு என்பதுதான் மெட்டின் உயிர். அந்த இடத்தில்தான் பேண்டு அடங்கும், தெருவே சேர்ந்து பாடும். அது இல்லாமல் ஊர்வலத்துக்கு வெறும் தாளம்தான் மிச்சம்.

ரோக்குக்காரர்களுக்கு நடுப்பாட்டு இல்லை. இதைக் கேட்டு நான் குதித்திருக்க வேண்டும். எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை? அவர் எங்கள் எதிரி. எதிரிதானே?

மே 10, சனி – மார்சேய்

பழைய துறைமுகத்தில் படகிலிருந்து நேராக மேசைக்கு மீன். பாய்மரக் கயிறுகள் காற்றில் கம்பத்தில் தட்டித் தட்டி ஒலிக்கின்றன, அத்தனை படகும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று சேராமல். கேட்டுக்கொண்டே நின்றதில் மாஸ்டர் எனக்கு முன்பே குன்றேறிவிட்டார்.

குன்றின் மேல் மாதா கோயில். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன, புயலில் தப்பியவர்கள் நேர்ந்து கட்டியவை. மாஸ்டர் மெழுகுவர்த்தி ஏற்றினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நானும் ஒன்று ஏற்றினேன். எதற்கு என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணன் போன் செய்தான்.

"எதாவது முணுமுணுத்தானா?"

"ஒண்ணும் முணுமுணுக்கல."

"ஒண்ணுமே இல்லையா? ஏமாத்தறான். சாப்பிடும்போது பாரு, விரல் தாளம் போடும்."

"அவர் விரல் ரொட்டியைத்தான் பிடிச்சிருக்கு."

"அவரா?" என்றான் அண்ணன். சிக்னல் போய்விட்டதென்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு – பார்சலோனா

ஆடினேன். நான்.

ஞாயிறு காலை, பேராலயத்துக்கு முன்னால் படிகளில் பேண்டு உட்கார்ந்து வாசிக்கிறது. கீழே மக்கள் கையைக் கோத்து வட்டமாக நின்று ஆடுகிறார்கள். கிழவிகள், கடைக்காரர்கள், இஸ்திரிச் சட்டை போட்ட தாத்தாக்கள். கைப்பைகளையும் கோட்டுகளையும் வட்டத்தின் நடுவில் குவித்துப் போட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், கால் மட்டும் பேசுகிறது. யார் வேண்டுமானாலும் இரண்டு கைக்கு நடுவே புகுந்துகொள்ளலாம். யாரும் எந்தக் கிளப் என்று கேட்பதில்லை.

மாஸ்டர் புகுந்துவிட்டார். திரும்பி என்னைப் பார்த்து, "கால்ல வீக்கம்னு சொல்லாதீங்க, நேப்பிள்ஸ்ல மீன்காரன் பின்னாடி ஓடினதை நான் பார்த்தேன்," என்றார். என் பையையும் குவியலில் போட்டேன். பக்கத்துக் கிழவி அடிகளை என் காதில் எண்ணிக்கொண்டே வந்தாள், அவள் மொழியில். தப்புத் தப்பாகக் குதித்தேன். வியர்வை வழிந்தது. இப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று, கணக்கே இல்லை.

கப்பலுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஏதோ ஒன்று என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது.

மே 12, திங்கள் – நடுக்கடல்

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

பகலில் நடனக்கூடம் காலியாக இருக்கும். மாஸ்டர் அங்கே பியானோவில் உட்கார்ந்து தன் மெட்டை வாசித்தார், முதல் பகுதி, இரண்டாம் பகுதி. நன்றாகவே இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு நடுப்பாட்டு வர வேண்டிய இடத்தில் கை நின்றது. திரும்ப முதலிலிருந்து. திரும்ப அங்கேயே நின்றது. நான் ஓரத்தில் தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கிக்கொண்டே முணுமுணுத்துவிட்டேன், நேற்றிலிருந்து வாயில் ஓடியதை, அவர் நிறுத்திய அதே சுரத்தில் தொடங்கி. கயிற்றுத் தட்டல், மீன்காரனின் குலுக்கல், எல்லாம் அதில் இருக்கிறது. எப்போது இதெல்லாம் உள்ளே போய் ஒன்றாயிற்று?

அவர் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டியபடியே, "இன்னொரு தடவை பாடுங்க," என்றார்.

"எதை?"

"லோரெட்டா. இன்னொரு தடவை."

எழுந்து வந்துவிட்டேன். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரிடமிருந்து எடுத்து வரச் சொன்னால், நான் கொடுத்துவிட்டு வரப் பார்க்கிறேன். ரோக்குத் திருவிழாவுக்குக் கத்தரீன் கிளப் தலைவரோட தங்கச்சி மெட்டா? தெரிஞ்சா அண்ணன் தலையை எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்? தலைவர் பதவி போகும். வீட்டுச் சுவர்ல எழுதி வைப்பாங்க. எனக்கு வேணும், நல்லா வேணும். வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதவளுக்கு.

கோசோப் பெண் வந்து கதவைத் தட்டி, சாப்பிட வரலையாக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மே 13, செவ்வாய் – நடுக்கடல்

ராத்திரி முழுக்க யோசித்தேன். பதினாலு வயதில் கிளாரினெட் கற்றுக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்றார். பவ்லுவுக்கு வாங்கித் தந்தார். அவன் ஒரு வருடத்தில் விட்டுவிட்டான். நான் கிளப் சமையலறையில் முயல் கறி கிளறிக்கொண்டே மேலே ஒத்திகையைக் கேட்டேன், இத்தனை வருடமும். முணுமுணுப்பேன். "லோரெட், கொஞ்சம் சும்மா இரேன்," என்பார்கள். அதுதான் என் இசைக்கு எங்கள் கிளப்பில் கிடைத்த மரியாதை. இன்னொரு தடவை பாடு என்று சொன்ன முதல் ஆள், போயும் போயும் ஒரு ரோக்குக்காரர்.

கோபமில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்காகவும் இல்லை. அந்தப் பாட்டைப் பெரிய பேண்டு வாசித்து நான் கேட்க வேண்டும். ஆசையாக இருக்கிறது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணமெல்லாம் என்னிடம் இல்லை.

பியானோ பக்கத்தில் போய் நின்று முழுதாகப் பாடினேன். அவர் எழுத எழுத இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஓர் இடத்தில் அவர் மாற்றப் பார்த்தார், நான் விடவில்லை. ஓர் இடத்தில் அவர் சொன்னதுதான் சரி. பேண்டில் கீழ்க்குரல் எப்படி வரும் என்று பியானோவில் காட்டினார். கை மயிர் சிலிர்த்துவிட்டது.

"உங்க பேரைப் போடணும்," என்றார்.

"போட்டா என்ன நடக்கும்னு தெரியாதா?"

"தெரியும். ஆனா அடுத்தவங்க பாட்டுக்குக் கீழ என் பேரை எப்படிப் போடறது? மனசு கேக்கலயே."

"பாதி உங்களுதுதானே. இதை வேற யாருக்காவது குடுப்பேன்னு நினைக்கறீங்களா? எங்க ஆளுங்க கையில போனா பாட்டை அடிச்சே கொன்னுடுவாங்க."

வெகுநேரம் மறுத்தார். கடைசியில், இப்போதைக்கு அவர் பேர் மட்டும், அவருடைய கமிட்டியிடமும் என் அண்ணனிடமும் உண்மையைச் சொல்கிற நாளை நான் முடிவு செய்வேன் என்று ஒத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டில் அவராகவே உப்பை என் பக்கம் தள்ளினார்.

மே 14, புதன்

வீடு. அண்ணன் துறைமுகத்துக்கே வந்திருந்தான். பெட்டியை வாங்குவதற்கு முன்னால், "என்ன கேட்டே?" என்றான். சேவல், மீன்காரன், கயிறு, கிழவி ஒருத்தி அடி எண்ணியது, எல்லாம் சொன்னேன். "இதையா கேக்கச் சொன்னேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜூன் 20, வெள்ளி

ரொட்டிக்கடையில் பேச்சு: ரோக்கு கமிட்டி மாஸ்டருடைய மெட்டை ஏற்றுக்கொண்டதாம். கோல் அவர் கையிலேயே இருக்கும். ரொட்டிக்குக் காசு கொடுக்காமலே வந்துவிட்டேன், திரும்பப் போய்க் கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

தெற்கே மீன்பிடித் துறையில், யாருக்கும் எங்களைத் தெரியாத ஒரு கடையில் மாஸ்டரைப் பார்த்தேன். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்தித்சிப் பலகாரம் தின்றோம். ஊருக்கு வெளியே தோட்டத்துக் கொட்டகையில், கதவைச் சாத்திவைத்து ஒத்திகையாம். டிரம் அடிக்கிற பையன் நடுப்பாட்டில் அடிக்க மறந்து கேட்டுக்கொண்டே நின்றுவிட்டானாம். அதை இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

இந்த வயதில் ஒளிந்து ஒளிந்து சந்திக்கிறோம், அதுவும் ஒரு பாட்டுக்காக. வீட்டுக்கு வரும் வழியில் வேனில் தனியாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரோக்குத் திருவிழா. அண்ணன் காலையிலேயே மாடி முழுதும் சன்னல்களைச் சாத்திவிட்டான். அடுப்பு மாதிரி வெயில். இரண்டு பேரும் விசிறியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். நன்றாக இல்லாவிட்டால்? யாரும் பாடாவிட்டால்?

வெடிச் சத்தம். பிறகு பேண்டு, தெருமுனையில் திரும்பிவிட்டது தெரிந்தது. முதல் பகுதி. இரண்டாம் பகுதி. பேண்டு அடங்கியது.

பாடினார்கள். முதல் தடவை கிளாரினெட்டுகள் மட்டும், இரண்டாம் தடவை கூட வந்த கூட்டத்தில் நாலைந்து பேர், மூன்றாம் தடவை தெரு முழுக்க. சன்னல் சட்டம் அதிர்ந்தது. மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே பேண்டை நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் ஊர்வலம் நிற்கப் போலீஸ் அனுமதி இல்லை, அவர் நின்றார். என் வாசலில் என் பாட்டு, அத்தனை தொண்டையும் சேர்ந்து, நான் மூடிய சன்னலுக்கு இந்தப் பக்கம், இருட்டில். அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இப்படி விக்கி விக்கி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் பயந்துபோய் என் தோளைப் பிடித்தான். "அழாத லோரெட். வேணும்னே நம்ம வாசல்ல நிறுத்தறான், திமிரு. செப்டம்பர்ல நாம காட்டுவோம் பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"எங்கயோ திருடியிருக்கான்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "அவனுக்கு இப்படியெல்லாம் வராது."

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் காபி போட்டுக்கொண்டு போனால், அண்ணன் குளியலறையில் முகம் நிறைய நுரையோடு சவரம் செய்கிறான். விசிலடித்துக்கொண்டே. தான் என்ன விசிலடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கதவருகில் நின்று கேட்டேன். கடைசி அடியில் சுரம் தப்பிக் கீழே இறங்கினான். திரும்பவும் முதலிலிருந்து, திரும்பவும் கீழே.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்க கீழ போகக்கூடாதுண்ணா. மேல போகணும்."

விசில் நின்றது. கத்தி கன்னத்திலேயே நின்றது. தான் அடித்தது எந்தப் பாட்டு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது, நுரைக்கு மேலேயும் தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"கீழ போனா பாட்டு முடிஞ்சுதுன்னு ஜனங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. மேல போனா இன்னொரு தடவை பாடுவாங்க. அதுக்குத்தான் மேல கொண்டுபோனேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கும் உறைத்தது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான்.

பிறகு குழாயை மூடினான். துண்டால் பாதி முகத்தைத் துடைத்தான். போய்த் தெருப்பக்கச் சன்னலைச் சாத்தித் தாழ் போட்டான். திரும்பி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

"மெதுவாப் பாடு," என்றான்.

பாடினேன். இரண்டாம் தடவை அவனும் சேர்ந்துகொண்டான்.